ஈரல் புற்றுநோய்: பழி குடிக்கு மட்டுமா?

பொகவந்தலாவைத் தோட்டங்களில் ஒருவர் ஈரல் நோயால் இறந்தால், "குடித்தே செத்தான்" என்று ஒரே வரியில் கதை முடிக்கப்படுகிறது. கசிப்பும் சாராயமும் மலையகத்தில் செய்த அழிவை எவரும் மறுக்க முடியாது. ஆனால் மதுவைத் தொடாதவர்களுக்கும் ஈரல் கெடுகிறது என்ற உண்மையை அந்த ஒரு வரி மறைத்துவிடுகிறது.

நுவரெலியா மாவட்டத்தின் இரு தோட்டங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் உடலுழைப்பாளர்கள். மலையேறி இறங்கும் உழைப்பு மட்டும் ஈரலைக் காப்பாற்றிவிடாது.

இதற்கான விடையின் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் நேரும் ஓர் எழுத்து மாற்றம், ஈரலில் கொழுப்பு கரைவதைத் தடுக்கிறது. 2008இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்விலும் இத்தொடர்பு உறுதியானது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்றவருக்கு ஈரல் இறுக்கமும் புற்றுநோயும் வரும் அபாயம் மேலும் அதிகம்.

எனினும் இது தலைவிதி அல்ல. மது, உடற்பருமன், நீரிழிவு ஆகியவை சேரும்போதே இந்த அபாயம் பன்மடங்காகிறது. ஈரலைக் காக்கும் மரபணு மாற்றங்களும் உள்ளன. ஆகவே "எங்கள் இரத்தமே அப்படி" என்று கைவிரிப்பதும், "எல்லாம் குடியால்தான்" என்று பழிப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்களே.

மரபணுப் பரிசோதனை எட்டாத ஏழைக்குக் குடும்ப நோய் வரலாறே கைகொடுக்கும். அந்த வரலாறும் எம்மிடம் சிதறிக் கிடக்கிறது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு சகோதரனைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. 1977, 1983 வன்செயல்கள் இன்னொருவரை வன்னிக்குத் துரத்தின. அங்கு போர் அவரையும் விழுங்கியது. பாட்டன் எந்த நோயால் இறந்தார் என்று வைத்தியர் கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

ஈரல் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும். ஈரல் இறுக்கமுள்ளவர்களுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்தால், சத்திரசிகிச்சைக்கு வாய்ப்புள்ள கட்டத்திலேயே கட்டியைக் கண்டுபிடிக்க முடியும். ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய சம்பளத்தை இழக்கும் தொழிலாளி, அதற்காக எத்தனை முறை நகருக்குப் போவார்?

நீரிழிவும் கொழுப்பு ஈரலும் உள்ளவர்களைத் தோட்டத்துக்கே வந்து பரிசோதிக்கும் ஏற்பாடு வேண்டும். பரிசோதனை நாளுக்குச் சம்பளம் வெட்டப்படக் கூடாது. பிறப்போடு வந்த மரபணுவை மாற்ற முடியாது. தாமதமாகக் கண்டறியப்படுவதை மாற்ற முடியும்.