விடுபட்ட ஏழாம் வேற்றுமை

‘வைட்டமின் ஈ புராஸ்டேட் புற்றணுக்களைக் கொல்கிறது.’ இத்தகைய வாக்கியமொன்றை நாளிதழ் இணைப்புகளின் மருத்துவப் பக்கங்களில் நாம் அனைவரும் ஒருமுறையேனும் படித்திருப்போம். எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, பயனிலையும் உண்டு. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் ஒன்று குறைகிறது: ஏழாம் வேற்றுமை. எதன்கண் கொல்கிறது? மனித உடலிலா, ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்திலா? அந்த ‘இல்’ உருபு விடுபட்டதால் விளைந்த கேட்டைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். மருத்துவம் நமது துறையன்று; வாக்கியம் நமது துறை.

முதலில் அந்தக் கிண்ணத்தைப் பார்ப்போம். புராஸ்டேட் புற்று ஆய்வுகளில் மிகுதியும் பயன்படும் உயிரணு வகைகளுள் ஒன்று எல்என்கேப். 1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ஐம்பது வயது நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருந்த புற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று முதல் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கல்லீரல் இல்லை, குடல் இல்லை, குருதியோட்டம் இல்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வைட்டமின் ஈ சக்சினேட் என்னும் சேர்மம் இவ்வுயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுத்தது. ஆண்ட்ரோஜன் ஏற்பியின் அளவையும், பி.எஸ்.ஏ. என்று நாம் இரத்தப் பரிசோதனையில் கேள்விப்படும் புரதத்தின் அளவையும் குறைத்தது. நல்ல ஆய்வு, அதன் முடிவில் பொய்யில்லை. ஆனால் அதே சக்சினேட்டை வாய்வழி விழுங்கினால், குடலிலுள்ள நொதிகள் அதைப் பிளந்து வெறும் டோகோஃபெராலாக மாற்றிவிடுகின்றன. கிண்ணத்தில் வேலை செய்த பொருள் அவ்வடிவில் புராஸ்டேட்டை எட்டுவதே அரிது.

வைட்டமின் சி-யின் கதை இன்னும் விசித்திரமானது. உயிரணுக்களை வளர்க்கும் திரவத்தில் அதைக் கரைத்தால், அத்திரவத்திலேயே அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. அணுக்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் பெராக்சைடுதான். ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதாகப் பெயரெடுத்த பொருள் ஆக்சிஜனேற்றத்தால் கொன்றுவிட்டு, புகழை மட்டும் பழைய பெயரில் வாங்கிக்கொள்கிறது! உப்பைச் சற்றுக் கூடுதலாகக் கரைத்தாலும் கிண்ணத்து அணுக்கள் மடியத்தான் செய்யும். அதற்காக உப்பைப் புற்றுக்கொல்லி என்று எவரும் எழுதுவதில்லை.

நிற்க. கிண்ணத்தை மட்டும் நம்பி மருத்துவ உலகம் வைட்டமின் மாத்திரையின் பக்கம் சாய்ந்தது என்று சொல்வது நியாயமாகாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு நுரையீரல் புற்றைத் தடுக்க முயன்றது. 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்று கூடியிருந்தது. அதே ஆய்வில் வைட்டமின் ஈ உண்டவர்களிடம் புராஸ்டேட் புற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தேடிச் சென்றது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று. அமெரிக்காவில் தோல் புற்று நோயாளிகளுக்குச் செலீனியம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1996இல் வெளியானது. அதிலும் இதே போன்ற எதிர்பாராத நற்செய்தி. நம்பிக்கை கொள்ளக் காரணம் இருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க 2001இல் தொடங்கப்பட்டதே ‘செலக்ட்’ ஆய்வு. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் 400க்கும் மேற்பட்ட மையங்கள், 35,533 ஆண்கள். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 400 சர்வதேச அலகு வைட்டமின் ஈ, இன்னொரு பிரிவினருக்கு 200 மைக்ரோகிராம் செலீனியம், மூன்றாமவர்க்கு இரண்டும், நான்காமவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரை. யார் எதை விழுங்குகிறார் என்பது விழுங்குபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. 2008 அக்டோபரில் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். பயன் எதுவும் தென்படவில்லை. கதை அத்தோடு முடிந்திருந்தால் ‘பயனில்லை, கேடுமில்லை’ என்று நாமும் கடந்து போயிருப்போம். ஆனால் தொடர்ந்து கண்காணித்ததில், 2011இல் வந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது. வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களிடம் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியிருந்தது. ஏழாண்டுக் காலத்தில் போலி மாத்திரை உண்டவர்களில் ஆயிரத்துக்கு 65 பேர். வைட்டமின் ஈ உண்டவர்களில் ஆயிரத்துக்கு 76 பேர். செலீனியமும் குற்றமற்றதாகத் தப்பவில்லை. உடலில் ஏற்கெனவே அது மிகுதியாக இருந்தவர்கள் மேலும் உண்டபோது, வீரியம் மிக்க புற்று கூடியதாக 2014இல் வந்த கட்டுரை காட்டியது.

ஏன் இப்படி? உறுதியான விடை இல்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தம் நலமான உயிரணுவுக்கு மட்டுமன்றிப் புற்றணுவுக்கும் தொல்லைதான். அதைத் தணிக்கும் பொருள், காக்கக் கூடாத அணுவையும் சேர்த்துக் காத்துவிடலாம் என்பது ஒரு கருத்து. எலிகளில் நடந்த சில ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கின்றன. எலி என்று சொல்லிவிட்டோம். இங்கும் ஏழாம் வேற்றுமையை விட்டுவிடக் கூடாதல்லவா!

நாளுக்குப் பல கிராம் வைட்டமின் சி உண்ணும்படி உலகுக்கு எடுத்துரைத்த லைனஸ் பாலிங், இரு நோபல் பரிசுகள் பெற்றவர், 1994இல் புராஸ்டேட் புற்றால்தான் மறைந்தார். இதைச் சிலர் வெற்றிக்குரலில் சொல்வதுண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. மறையும்போது அவருக்கு வயது 93. மறுதரப்பார் அதையே தமக்குச் சான்றாகக் காட்டலாம். ஒரு மனிதரின் வாழ்வைக் கொண்டு எப்பக்கமும் நிறுவ இயலாது என்பதனால்தானே 35,533 பேர் தேவைப்பட்டனர்.

தமிழில் நாம் இதற்கு இட்ட பெயரையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வைட்டமினை ‘உயிர்ச்சத்து’ என்றோம். அழகான சொல்; வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் மகிழ்ந்திருக்கிறோம். எனினும் ‘உயிர்’ என்று தொடங்கும் ஒன்று மிகுந்தால் கேடு செய்யும் என்று யார் ஐயுறுவார்? மருந்தென்றால் அளவு கேட்பவர், சத்தென்றால் கேட்பதில்லை. மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கி, ‘உடம்புக்கு நல்லதுதானே’ என்று ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஐம்பது வயதுக்காரர்களை நாம் அறிவோம். அவர்களிடம் கிண்ணத்தின் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த 76க்கும் 65க்கும் இடையிலான செய்தி சேரவில்லை. பதினொரு பேர் என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். நோயில்லாத ஆயிரம் பேர், நோய் வராதிருக்க வேண்டுமென்றே விழுங்கிய மாத்திரை அது என்பதை மறக்கலாகாது.

தமிழில் மருத்துவம் எழுதுவோரிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஆய்வு கிண்ணத்திலா, எலியிலா, மனிதரிலா. மனிதரெனில் எத்தனை பேரில், எத்தனை ஆண்டுகள். பொருள் எந்த வடிவில், எந்த அளவில் என்று எழுதட்டும். நான்கு சொற்கள் கூடும், அவ்வளவே. இதைப் படித்துவிட்டு நிலக்கடலையையும் சூரியகாந்தி எண்ணெயையும் யாரும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அவற்றிலும் வைட்டமின் ஈ உண்டு. ‘செலக்ட்’ ஆய்வில் சோதிக்கப்பட்டது அவையல்ல, நாளொன்றுக்கு வேண்டிய அளவைப் பன்மடங்கு மீறிய மாத்திரை.