கடத்தூரிலிருந்து ஒரு கேள்வி

கடத்தூரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தர்மபுரி மாவட்டத்தில் உள்ள சிற்றூர். அங்கிருந்து வாசகி ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். மூன்றரைப் பக்கம் மகளைப் பற்றிய புகார்!

மகள் ஒன்பதாம் வகுப்பு. நூலகத்திலிருந்து எடுத்து வருவதெல்லாம் பறக்கும் தட்டும், பேசும் இயந்திரமும், மந்திரவாதியும்தானாம். "அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, இவள் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறாள்" என்கிறார் தாயார். வீட்டில் ஆயாவுக்குக் கோபம். உறவுக்காரர் ஒருவரோ, "பத்தாவதோடு நிறுத்திவிடலாமே" என்று மெல்லப் பேச்சை ஆரம்பித்திருக்கிறார். கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயம்: "இப்படிப்பட்ட கதைகளால் ஏதாவது பிரயோசனம் உண்டா? உண்டென்றால், யார் எழுதியதைப் படிக்கச் சொல்லலாம்?"

நியாயமான கேள்வி. நான் ஒருத்தி பதில் சொல்வதைவிட நீங்கள் சொல்வதே மேல் என்று இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தேன். அடேயப்பா! சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்புவது போல் சிபாரிசுகளை அனுப்பித் தள்ளிவிட்டீர்கள்.

வயதில் மூத்தவர்கள் ஒரே குரலாகச் சொன்னது 'அம்புலிமாமா'வை. 1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை மறக்க முடியுமா? தோளில் பிணம், கையில் உருவிய வாள்! "பயந்துகொண்டே படிப்போம், வேதாளம் கேட்கும் கேள்விக்கு விடை யோசிப்பதில் பயம் போய்விடும்" என்று எழுதியிருக்கிறார் ஒரு பாட்டி. அந்தப் பத்திரிகை இப்போது வருவதில்லை. பழைய பிரதி வைத்திருப்பவர்கள் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

நடுவயதினரின் ஓட்டு சுஜாதாவுக்கு. ஓட்டு என்று சொன்னது பொருத்தந்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்த ரங்கராஜன் அவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். எண்பதுகளில் 'ஆனந்த விகட'னில் வந்த 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறது. புத்தகம் படிக்கும் நாய்! நிலா என்ற சாதாரணக் குடும்பப் பெண் ஒரு சர்வாதிகாரியின் ராஜ்யத்தில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது அவளுக்குத் துணை அதுதான். "அதைப் படித்த பிறகுதான் கம்ப்யூட்டர் என்றால் பயம் விட்டது" என்கிறார் ஒரு வங்கி ஊழியர்.

கல்லூரி மாணவிகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். ஆர்தர் கிளார்க்கைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தவர். செயற்கைக் கோள்கள் மூலம் உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர். 1979-ல் வந்த நாவல் ஒன்றில், இலங்கையைப் போன்ற ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து ஆகாயத்துக்கு லிப்ட் கட்டுகிறார்! 2008-ல், பிப்ரவரி 27-ல் சுஜாதாவும் மார்ச் 19-ல் கிளார்க்கும் காலமானார்கள். மந்திரக் கதை பிடித்தவர்களுக்கு உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சொல்கிறார்கள். அவருடைய மந்திரவாதி ஆடு மேய்த்த பையன். ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் அதிகாரம்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் தபால் கார்டு. ஒரே பெயர்: ரொக்கேயா சகாவத் ஹுசேன்.

வங்காளத்து முஸ்லிம் குடும்பத்தில் கோஷாவில் வளர்ந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் வெளிவந்தது. எங்கே தெரியுமா? நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸி'னில்! கதையில் ஒரு பெண்கள் ராஜ்யம். வெளி வேலையெல்லாம் பெண்களுக்கு, ஆண்கள் வீட்டுக்குள்ளே. பெண் விஞ்ஞானிகள் மேகத்திலிருந்து நீர் இறக்குகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள். ஆகாய வண்டியில் போகிறார்கள். விமானம் என்பது உலகத்தில் இன்னும் வழக்கத்துக்கு வராத காலம் அது!

பிரயோசனம் என்ன என்றா கேட்டீர்கள், அம்மா? அந்தக் கனவுக்கு ஆறு வருஷம் கழித்து, 1911-ல், விதவையாகிவிட்ட ரொக்கேயா கல்கத்தாவில் எட்டுச் சிறுமிகளோடு ஒரு பெண்கள் பள்ளியைத் திறந்தார். பல பேர் தூற்றினார்கள்; பள்ளி நின்றுவிடவில்லை. இல்லாத ஒன்றை முதலில் மனத்தால் பார்க்கத் தெரிய வேண்டும். பார்த்தவர்களுக்குத்தான் அதைக் கட்டத் தோன்றும். உங்கள் மகள் கற்றுக்கொண்டிருப்பது அதைத்தான். பாலை வேண்டுமானால் நீங்கள் இறக்கி வைத்துவிடுங்கள். பத்தாவதோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் சிபாரிசுகளோடு, ரொக்கேயாவின் கதையையும் தமிழில் சுருக்கி எழுதிக் கடத்தூருக்கு அனுப்பி வைத்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. மகள் இரவில் உரக்கப் படித்தாளாம். ஆயா பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். ஒரே ஒரு சந்தேகந்தானாம் அவருக்கு: "அந்த ஊருல சோறாக்குறது யாரு, கண்ணு?"

"ஆம்பிளைங்க, ஆயா. வெயில் சூட்டுலயே ஆக்குவாங்க. புகையே வராது."

ஆயா சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "இன்னொரு தரம் படி" என்றாராம்.

படிப்பை நிறுத்துவது பற்றி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை என்று எழுதியிருக்கிறார் தாயார். ஆனால் அந்த உறவுக்காரர் அடுத்த தடவை வரும்போது, பேச வேண்டியதைத் தாம் பேசிக்கொள்வதாக ஆயா சொல்லியிருக்கிறாராம்!