உறுப்பினர் படிவம் வைக்கும் முன், வாசலைப் பூட்டுவோம்!



மாவட்டம், ஒன்றியம், வார்டுன்னு நம்ம ஆளுங்க ஆளுக்கொரு இணையதளம் தொடங்குறீங்க. மகிழ்ச்சி. பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான். படிவத்துக்கு ஒரு ப்ளகின், போட்டோவுக்கு ஒண்ணு, நன்கொடைக்கு ஒண்ணு. அஞ்சு நிமிஷத்துல வேலை முடியுது. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. சிக்கலே அங்கதான்.

கிவ்டபிள்யூபி என்பது நன்கொடை வாங்கும் ப்ளகின். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. 2024 ஆகஸ்டில் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. எங்கே தெரியுமா? பேருக்கு முன்னாடி திரு, திருமதின்னு போடுற சின்னக் கட்டத்தில்! அங்கே வந்த எழுத்தை ப்ளகின் சரியா சோதிக்கல. அப்படியே நம்பி பி.எச்.பி. ஆப்ஜெக்டா மாத்திடுச்சு. விளைவு? பாஸ்வேர்டே இல்லாம ஒருத்தன் சர்வரில் தன் கோடை ஓட்டலாம், ஃபைல்களை அழிக்கலாம். ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. 3.14.2 பதிப்பில் சரி செய்துவிட்டார்கள். ஆனா அப்டேட் போடாத தளத்துக்கு அதனால என்ன பயன்?

2018 நவம்பரில் இன்னொரு கூத்து. தனியுரிமைச் சட்டத்தைப் பின்பற்ற உதவும் 'டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ்' ப்ளகினிலேயே ஓட்டை. வெளியாள் தளத்தின் செட்டிங்கை மாற்றி, தன்னை அட்மினா பதிவு செய்துகொள்ள முடிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

நம்ம படிவத்தில் என்ன இருக்கு? பேர், போன் நம்பர், முகவரி. அதைவிட முக்கியம், அவர் எந்தக் கட்சின்னு இருக்கு. ஊருக்குள்ள வெளிய சொல்லிக்காம, நம்மை மட்டும் நம்பிப் பதிஞ்சவங்க இருக்காங்க. அந்தப் பட்டியல் கசிஞ்சா, நாம மன்னிப்பு கேட்டு பதிவு போட்டுடலாம். விலை கொடுக்கப்போறது அவங்க.

அதனால இன்னைக்கே செய்யுங்க:

✅ பயன்படுத்தாத ப்ளகினை நீக்குங்க. டீஆக்டிவேட் மட்டும் போதாது, ஃபைல் சர்வரில்தான் இருக்கும்.
✅ ஆட்டோ அப்டேட்டை ஆன் பண்ணுங்க.
✅ காசு கொடுத்து வாங்கும் ப்ளகினை ஓசியில் தரும் தளங்கள் பக்கமே போகாதீங்க.
✅ தேவையில்லாத தகவலைக் கேட்காதீங்க. ஆதார் எண் நமக்கு எதுக்கு?
✅ கோடு எழுதும் தம்பி, தங்கைகளே: வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதீங்க. சோதிச்சு உள்ளே விடுங்க, சுத்தம் செய்து வெளியே காட்டுங்க. அன்சீரியலைஸ் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

பூத் கமிட்டியில் ஒவ்வொரு பேரையும் சரிபார்க்கிறோமே, அதே கவனம் இங்கேயும் வேணும்.

உங்க தளத்தைக் கடைசியா எப்போ அப்டேட் செய்தீங்க? இப்பவே திறந்து பாருங்க. தெரியலைன்னா மாவட்ட ஐ.டி. அணியைக் கேளுங்க, கூச்சப்படாதீங்க.