கருவியைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

என் தந்தையாரின் மேசை இழுப்பறையில் ஒரு பழைய காது கேட்கும் கருவி கிடக்கிறது. வாங்கிய மூன்றாம் மாதமே அதைக் கழற்றி வைத்துவிட்டார். "இரைச்சல்தான் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்றார். நாங்கள் அதை முதுமையின் பிடிவாதம் என்று எண்ணினோம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

முதுமையில் செவித்திறன் எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரொலிகள் காதில் விழும்; மெய்யொலிகளின் நுட்பம் நழுவிவிடும். 'பட்டு' என்றார்களா, 'பத்து' என்றார்களா என்று மயக்கம் வரும். பழைய அனலாக் கருவிகளோ பேச்சையும் மின்விசிறி ஓசையையும் பாத்திரச் சத்தத்தையும் ஏறத்தாழ ஒன்றாகவே பெருக்கின.

1990களின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்த முழு டிஜிட்டல் கருவிகள் இந்நிலையை மாற்றின. அவை ஒலியை எண்களாக மாற்றி, பல அலைவரிசைகளாகப் பிரித்து, எங்கே குறை உள்ளதோ அங்கே மட்டும் வேண்டிய அளவு பெருக்குகின்றன. மெல்லிய ஒலியை மிகுதியாகவும், உரத்த ஒலியைக் குறைவாகவும் உயர்த்துகின்றன. காதருகே எழும் 'கீச்' ஒலியை அடக்குகின்றன. எதிரில் இருப்பவரின் பேச்சுக்கு முதன்மை தருகின்றன.

ஆனால் இந்நன்மைகள் பெட்டியைத் திறந்ததும் கிடைப்பவை அல்ல. செவித்திறனைச் சோதித்து, ஆடியோகிராம் காட்டும் அளவுக்கேற்பக் கருவியை ஆடியாலஜிஸ்ட் பொருத்த வேண்டும். சில வாரங்கள் கழித்து மீண்டும் திருத்த வேண்டும். நெடுநாள் கேளாத ஒலிகளுக்கு மூளை பழகவும் காலம் தேவை. 2023இல் வெளியான அமெரிக்காவின் 'அச்சீவ்' ஆய்வு, முதியோருக்குக் கருவியோடு ஆலோசனையும் தொடர் கவனிப்பும் அளித்தது. பங்கேற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. எனினும் அறிவாற்றல் சரிவுக்கு அதிக வாய்ப்புள்ளோரிடம் மட்டும், மூன்றாண்டுகளில் அச்சரிவு 48 விழுக்காடு மெதுவாயிற்று.

நம் நாட்டில் 1981 முதல் ஆடிப் திட்டத்தின் கீழ் உதவிக் கருவிகள் வழங்கப்படுகின்றன. 1965இல் மைசூருவில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் போன்றவை வல்லுநர்களை உருவாக்குகின்றன. ஆயினும் சிற்றூர்களில் ஆடியாலஜிஸ்டைக் காண்பது அரிது. எத்தனை கருவிகள் வழங்கினோம் என்று எண்ணுவதை விட, ஓராண்டு கழித்து எத்தனை பேர் அவற்றை அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதே முறையான கணக்கு என்பது என் கருத்து.

என் தந்தையார் இப்போது டிஜிட்டல் கருவி அணிகிறார். மூன்றாம் முறை திருத்திய பிறகே அது அவருக்கு இசைந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் "இரைச்சலாக இருக்கிறது" என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். கருவியோடு அவரை மீண்டும் ஆடியாலஜிஸ்டிடம் அழைத்துச் செல்லுங்கள். குறை பெரும்பாலும் அவரிடம் இல்லை.