ஆழ்கடல்: வரவு மட்டும் எழுதிய கணக்கு

திருவாலங்காட்டுச் செப்பேடு என்றால் ராஜேந்திர சோழனும் கடாரமும்தான் ஞாபகத்துக்கு வரும். 1905-ல் கண்டெடுக்கப்பட்ட அந்தச் செப்பேடுகளுக்கு வயது ஏறக்குறைய ஆயிரம். அந்த ஆயிரம் வருடத்தில் இந்தியப் பெருங்கடலின் அடியில் கிடக்கும் ஒரு உலோக உருண்டை எவ்வளவு வளர்ந்திருக்கும்? ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது! பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர், அதுதான் அதன் வேகம். எலுமிச்சம்பழம் அளவுக்கு வருவதற்குள் பூமியில் எத்தனையோ இனங்கள் தோன்றி அழிந்திருக்கும்.

அந்த உருண்டைகளைத்தான் இயந்திரம் விட்டு அள்ளப் போகிறார்களாம்.

பாலிமெட்டாலிக் நாட்யூல் என்பது அவற்றின் பெயர். மாங்கனீஸ், நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் அதற்குள் உண்டு. இவற்றைத் தேட 1987-லேயே இந்தியாவுக்கு முன்னோடி முதலீட்டாளர் என்ற தகுதி கிடைத்தது. 2002-ல் சர்வதேச கடல்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம். மத்திய இந்தியப் பெருங்கடலில் இப்போது கையில் இருப்பது 75,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல்! 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. அதே வருடம் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 5,270 மீட்டர் ஆழத்தில் ஒரு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தது. அதன் பெயர் வராகா.

பெயர் வைத்தவருக்குப் புராணம் தெரியாமலா இருக்கும்? கடலுக்குள் போன பூமியைக் காப்பாற்ற முங்கியது அந்த வராகம். இந்த வராகம் முங்குவது வாரிக்கொண்டு வர.

சரி, கணக்கு என்ன சொல்கிறது? அரசு மதிப்பீட்டின்படி அங்கே 38 கோடி டன் உருண்டைகள். அதில் நிக்கல் 47 லட்சம் டன், கோபால்ட் 5.5 லட்சம் டன். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் பேலன்ஸ் ஷீட் போடத் தெரிந்த எந்த மாணவனும் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சொத்துப் பக்கம் சரி, பொறுப்புகள் பக்கம் எங்கே? தேய்மானம் எங்கே? நஷ்டத்துக்கான ஒதுக்கீடு எங்கே? டன் கணக்கு மட்டும் ஊரெல்லாம் தெரிகிறது. அழியப் போவதன் கணக்கை யாரும் பேசுவதே இல்லை.

"ஐயாயிரம் மீட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது? வெறும் சேறுதானே" என்பது முதல் பதில். தவறு. கண்ணுக்கெட்டிய தூரம் மென்மையான சேறு கிடக்கும் இடத்தில், பற்றிக்கொள்ள இருக்கும் ஒரே கெட்டியான தரை அந்த உருண்டைதான். பஞ்சுயிரிகளும் பவளங்களும் அதில்தான் வேர் பிடிக்கின்றன. பஞ்சுயிரி செத்த பிறகும் நிற்கும் தண்டில் ஆழ்கடல் ஆக்டோபஸ் முட்டையிட்டு அடைகாப்பதைப் பசிபிக்கில் பார்த்திருக்கிறார்கள். உருண்டையை எடுத்தால் வீட்டின் அஸ்திவாரத்தையே எடுத்த மாதிரி. பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் மட்டும் 5,500-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கலாம் என்றும், அதில் பத்துக்கு ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்றும் 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெயர் வைப்பதற்கு முன்பே கருமாதியா?

"கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்பது இரண்டாவது பதில். 1989-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடல் தரையை ஏர் ஓட்டுவது போல உழுது பார்த்தார்கள். 2015-ல் திரும்பப் போனபோது உழுத தடம் அப்படியே இருந்தது. 26 வருடம்! நுண்ணுயிர்களின் இயக்கம்கூடப் பழைய நிலைக்கு வரவில்லை. அதுவும் அந்தச் சோதனையில் உருண்டைகளை மேலே எடுக்கவே இல்லை, சேற்றுக்குள் புரட்டியதோடு சரி. அள்ளினால் என்ன ஆகும்?

சேறு கிளம்பினால் என்ன ஆகும் என்று திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பூண்டி ஏரி வழியாக ஓடிவரும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேரும் இடத்தைப் போய்ப் பார்த்தால் போதும். அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். அங்கே கேட்க மீனவர்கள் இருந்தார்கள், படம் பிடிக்க கேமராக்கள் இருந்தன. அப்படியும் இந்தக் கதி. ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் சேற்றுப் புகை கிளம்பி, நீரை வடிகட்டி உண்ணும் உயிர்கள் மேல் படிந்தால் மனு கொடுக்க யார் வருவார்?

"மின்சார வண்டிக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாமா?" இது மூன்றாவது. இரண்டுமே இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்தியச் சாலைகளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. 2024-ல் உலக மின்கார் பேட்டரி சந்தையில் ஏறக்குறைய பாதி அதுதான். தோண்டி முடிப்பதற்குள் தேவையே மாறிவிட்டால் 4,077 கோடிக்கு என்ன பெயர்? வணிகவியலில் அதற்கு வாராக்கடன் என்றுகூடச் சொல்ல முடியாது. கடனாவது ஒருநாள் வரலாம்.

"நாம் எடுக்காவிட்டால் சீனா எடுத்துவிடும்" என்பது கடைசி அஸ்திரம். இந்தியாவின் ஒப்பந்தப் பகுதிக்குள் சீனா நுழைய முடியாது. அந்த ஒப்பந்தமும் ஆய்வுக்கு மட்டும்தான், 2017-லும் 2022-லும் நீட்டிக்கப்பட்டது. ஆய்வு தொடரட்டும், யார் தடுத்தது? மத்ஸ்யா 6000-ல் மூன்று பேர் இறங்கிப் பார்க்கட்டும், பெயரில்லாத உயிர்களுக்குப் பெயர் வைக்கட்டும். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. பார்ப்பது வேறு, பறிப்பது வேறு.

சர்வதேசக் கடல் அடித்தளம் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது 1982-ன் ஐ.நா. கடல் சட்டம். பிரான்ஸ், ஜெர்மனி உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் "இப்போதைக்கு நிறுத்துங்கள்" என்று கேட்டுவிட்டன. அந்த வரிசையில் இந்தியாவும் நிற்க வேண்டும். ஆயிரம் வருடத்தில் முடியளவுகூட வளராத ஒன்றை ஒரே நாளில் அள்ளிவிட்டு அதை லாபம் என்று எழுதினால், எந்த ஆடிட்டரும் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடக் கூடாது.