கொட்டகையில் நிற்கும் பழைய புல்லட்... ஓட்டலாமா, எடைக்குப் போடலாமா?

“அப்பா 1974-ல் வாங்கிய புல்லட், மாட்டுக்கொட்டகையில் 12 ஆண்டுகளாகச் சும்மா நிற்கிறது. அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். மகனோ, இன்ஜினை மாற்றி, புதுமாதிரியாக ‘ஆல்டர்’ செய்து ஓட்டலாம் என்கிறான். எது சரி?”
- வாசகர், பொன்னேரி வட்டம்.

எடைக்குப் போட வேண்டாம், ஆல்டரும் வேண்டாம். இருப்பதை இருப்பது போலவே சரிசெய்து ஓட்டுவதுதான் லாபம். ஆனால், பெரும்பாலானவர்கள் முதலில் பெயின்ட் அடிக்கிறார்கள், அடுத்து இன்ஜினைப் பிரிக்கிறார்கள், கடைசியில் ஆர்.சி புத்தகத்தைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் ஆவணம், அடுத்து இன்ஜினும் பிரேக்கும், கடைசியில்தான் பெயின்ட்.

பக்கத்து ஊரில் பிறந்த வண்டி

1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் புல்லட் வண்டிகளை வாங்கியது. அதைத் தொடர்ந்து, 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1956-ல் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்து, இங்கே பூட்டப்பட்டன. அந்த ஆண்டில் வெளிவந்தவை 163 வண்டிகள்தான். பிறகு, பாகங்களும் இங்கேயே தயாராகின. 1967-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை தொடங்கியது.

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 346 சி.சி இன்ஜின், அடிப்படை மாறாமல் ஏறக்குறைய 2010 வரை ஓடியது. அதனால், பழைய வண்டிக்குப் பொருந்தும் பல பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் பெரும்பாலானவை கைக்கு வந்துவிடும். ஸ்பேனரைப் பிடிக்கத் தெரிந்த யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய இன்ஜின் இது.

முதலில் ஆவணம்

வண்டியில் கை வைப்பதற்கு முன், ஆர்.சி-யில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும், வண்டியில் பொறித்த எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்களின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்ளலாம். துருவைச் சுரண்டும்போது இந்த எண்கள் தேய்ந்துவிட்டால், பிறகு அது யாருடைய வண்டி என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.

உரிமையாளர் இறந்தால், 30 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது விதி. கேள்வி கேட்டவருக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. தாமதத்துக்கான தொகையைக் கட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா, தங்கையிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. வண்டி ஓடத் தொடங்கி, விலை ஏறிய பிறகு கேட்டால் வீட்டில் மனஸ்தாபம் வரும்.

அடுத்தது, பதிவைப் புதுப்பித்தல். சொந்த வண்டிக்கு 15 ஆண்டுகள் கடந்ததும், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. பழைய எழுத்து வரிசை எண் கொண்ட வண்டி என்றால், அதன் விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்பதை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் வழியிருக்கிறது என்று தெரிந்த பிறகே மெக்கானிக்கிடம் பணம் கொடுக்கலாம்.

‘வின்டேஜ்’ பதிவு யாருக்கு?

50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்காக 2021 ஜூலையில் தனி விதி வந்தது. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால், சேஸிஸ், இன்ஜின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முக்கியமாக, இப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. வயலுக்கும் சந்தைக்கும் ஓட்ட நினைப்பவருக்கு இது ஒத்துவராது. சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே ஏற்றது.

உதைப்பதற்கு முன்...

பல ஆண்டுகள் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் கிக்கரை உதைக்கக் கூடாது. நீண்டநாள் ஓடாத பம்ப்செட் இன்ஜினை எப்படிப் பக்குவமாக எழுப்புவோமோ, அப்படித்தான் இதையும் எழுப்ப வேண்டும்.

* பிளக்கைக் கழற்றி, இரண்டு மூன்று ஸ்பூன் இன்ஜின் ஆயிலைச் சிலிண்டருக்குள் விட்டு ஒருநாள் விட வேண்டும். பிறகு, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். இறுகியிருந்தால் முரட்டுத்தனம் காட்டாமல், மெக்கானிக்கை அழைப்பது நல்லது.

* நின்றுபோன புல்லட்டில் ஆயில் கீழிறங்கி, கிராங்க் கேஸில் தேங்கும். அதை முழுவதும் வடித்துவிட்டு, வடிகட்டியையும் மாற்றி, புது ஆயில் ஊற்ற வேண்டும். ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, பிளக் இல்லாமல் கிக்கரை மிதித்தால் அங்கே ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

* பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோலும் துருவும் இருக்கும். டேங்கைக் கழற்றி, சிறு ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

* பாயின்டைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ வரை வைக்கலாம். கண்டென்சரைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி இந்த இரண்டிலும் கார்புரேட்டர் அடைப்பிலும்தான் முடியும்.

* டாப்பெட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும். புஷ்ராடு விரலால் லேசாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

* இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து வருவதுதான் அது. விவசாயிக்கு வருமானம் என்றாலும், பழைய ரப்பர் குழாய், வாஷர்களுக்கு ஆகாது. எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்ற வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கை வடித்துவிட வேண்டும்.

* டயரில் பூ நன்றாகத் தெரிந்தாலும், ரப்பர் வெடித்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஷூ, கேபிள்கள், செயின் ஆகியவற்றையும் மாற்றாமல் சாலைக்கு எடுக்கக் கூடாது.

வீட்டில் உள்ள இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. புது வண்டியில் பழகியவர், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிடுவார். காலி மைதானத்தில் சில நாள்கள் பழகிய பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும்.

ஆல்டர் ஏன் வேண்டாம்?

1993-ல் இதே நிறுவனம் டீசல் புல்லட்டைக் கொண்டுவந்தது. 325 சி.சி, 6.5 குதிரைத்திறன். பம்ப்செட், ஜெனரேட்டர்களில் ஓடும் வகை இன்ஜின் அது. அதைப் பார்த்து, பெட்ரோல் புல்லட்டில் டீசல் இன்ஜினைப் பூட்டிக்கொண்டவர்கள் உண்டு. நிறுவனமே தயாரித்த டீசல் வண்டிக்கு ஆர்.சி இருக்கிறது, வீட்டில் பூட்டியதற்கு இல்லை. ஆர்.சி-யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு விபத்தில்தான் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய இருசக்கர வாகன இன்ஜின் பூட்டிய மீன்பாடி வண்டிகளைப் பார்க்கலாம். பதிவு இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. மோதி ஒருவருக்குக் கால் போனால், இழப்பீட்டை ஓட்டியவரின் குடும்பம்தான் கட்ட வேண்டும். ஆல்டர் செய்த புல்லட்டுக்கும் அதே ஆபத்து உண்டு. ஒரு விபத்து, காணி நிலத்தை விற்க வைத்துவிடும்.

பெயின்ட் கடைசியில்...

திருவொற்றியூர் வண்டிகளின் டேங்கில் இருக்கும் தங்கநிறக் கோடுகள், தூரிகையால் கையால் இழுத்தவை. அவை இன்னும் தெரிந்தால், சுரண்டாமல் மெழுகுப் பாலிஷ் மட்டும் போடலாம். பழைய வண்டியை மதிப்பவர்கள், பளபளப்பைவிட அந்தக் கோட்டுக்குத்தான் அதிக விலை தருவார்கள். பொன்னேரி, எண்ணூர் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். மாட்டுக்கொட்டகையின் ஈரமும் கோமியமும் அதற்குத் துணை. எனவே, வண்டியை முதலில் அங்கிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில், மேடான தரையில் நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், வேர்த்துத் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் போர்வை போதும்.

அதற்கும் முன்பாக, பெட்டியில் இருக்கும் ஆர்.சி புத்தகத்தைக் கரையான் அரிப்பதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும்.