கண்ணெனும் விளக்கு

வடசேரி கிருஷ்ணன் கோயிலில் தீபாராதனை வேளை. கூப்பிய கரங்களுடன் நிற்கும் முதியோர் பலருக்குக் கண்ணனின் திருமுகம், மேகத்தினூடே தெரியும் நிலவுபோல் மங்கியே தோன்றுகிறது. ஊர் புகழும் கோயில் நகைகளில் கல் பதித்த கைவினைஞர்க்கும் முதுமையில் இதே நிலைதான். கண்ணினுள் தெளிந்திருந்த வில்லை மங்கிப் போவதே கண்புரை. சொட்டு மருந்தால் அது கரையாது. அறுவை சிகிச்சையே வழி. ஆயினும் செலவை எண்ணிப் பலர் அதைத் தள்ளிப் போடுகின்றனர்.

'ஃபேகோ' முறையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் துளை வழியே, மீயொலி அதிர்வால் புரையை நொறுக்கி உறிஞ்சுவர். இதனை லேசர் என்று பலர் கருதுவது பிழை. லேசர் முறை என்பது வேறு. அதில் துளையிடுதலையும் புரையைப் பிளத்தலையும் லேசர் செய்யும். செலவு மிகுதி, ஆனால் பெரும்பாலோர்க்குக் கிடைக்கும் பார்வையில் பெரிய வேறுபாடில்லை.

சிறுகீறல் முறையில் திறப்பு 6 முதல் 7 மில்லிமீட்டர். பொதுவாகத் தையலின்றித் தானே மூடிக்கொள்ளும். முற்றிக் கடினமான புரைக்கும் ஏற்றது, செலவும் குறைவு. டாக்டர் கோ. வெங்கடசுவாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இம்முறையால் எண்ணற்ற ஏழையர்க்கு ஒளி தந்துள்ளது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றியும் அறுவை செய்யப்படுகிறது. எனவே எளிய முறையைத் தேர்வதில் குறையேதும் இல்லை. புரை முற்றட்டும் எனக் காத்திருப்பதே தவறு. முற்றினால் அறுவை கடினமாகும்.

பொருத்தும் செயற்கை வில்லையிலும் தேர்வுண்டு. ஒருகுவிய வில்லை தொலைவைத் தெளிவாய்க் காட்டும். இராமாயணம் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். பல்குவிய வில்லை கண்ணாடித் தேவையைக் குறைக்கும்; ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம். விழித்திரைக் கோளாறோ கண்நீர் அழுத்த நோயோ உடையவர்க்கு அது பெரும்பாலும் பொருந்தாது. கண்ணைச் சோதித்த மருத்துவரிடம் இவற்றையெல்லாம் கேட்டே முடிவு செய்தல் நலம்.

அறுவைக்குப் பின், மருத்துவர் குறித்த நாள்வரை திருக்குள நீராடலும் சாஷ்டாங்க நமஸ்காரமும் தவிர்த்தல் வேண்டும். திருநீறு கண்ணில் விழாமலும் கற்பூரப் புகை படாமலும் காத்துக்கொள்க. வலியோ சிவப்போ பார்வைக் குறைவோ தோன்றினால், அன்றே மருத்துவரை நாடுக.

தம் கண்ணையே இறைவனுக்கு ஈந்த கண்ணப்பரைப் போற்றும் நாம், அவன் தந்த கண்ணைக் காப்பதும் வழிபாடே.